மாப்பிள்ளை கடை பில்டர்

ஏனுங்க, ஏனுங்க, கீழ குனியாதீங்க. வண்டி வாங்க வந்தவரு மேல பாருங்க. உள்ள ஏறிப் பாருங்க. சோபாவப் பாருங்க, கட்டிலப் பாருங்க, அடுப்பப் பாருங்க. கக்கூஸ் கூட இருக்குது, தண்ணி ஊத்திப் பாருங்க. குனிஞ்சு பாக்கற சோலி மட்டும் எனக்குப் புடிக்காது. ஒரு ஆளு குனிஞ்சு பாத்ததுல நான் பட்டது போதுமுங்க.

என்ன கேட்டீங்க? டீசல் பில்டர் என்ன நம்பரா?

அதானே பாத்தேன். வர்றவங்க எல்லாம் ஏசி ஓடுமா, டிவி இருக்குதா, எத்தனை பேரு படுக்கலாம்னு கேப்பாங்க. நீங்க வந்ததும் வராததுமா பில்டர் நம்பரக் கேக்கறீங்க. உங்களை ஆராச்சும் சொல்லித் தாட்டி உட்டாங்களா? உண்மையச் சொல்லுங்க. இல்லீங்களா? சரி, நம்பறேன். உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்குக் காலு ஆடும். வாடகைக்குக் கொண்டுட்டுப் போயி ஒடைச்சுட்டு வந்துட்டானுக. இதுல உக்காருங்க.

பில்டர் நம்பர் எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இந்த வண்டி இன்னைக்கு வெலைக்கே வந்திருக்காது. அந்தக் கதையச் சொல்றேன், கேட்டுப்போட்டு அப்பறம் வாங்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. எனக்கு ஒன்னும் அவசரமில்லை.

நான் இந்தக் கோபியில பந்தல் காண்ட்ராக்ட் எடுக்கறவனுங்க. நாச்சிமுத்து பந்தல்னா பஸ் ஸ்டேண்டுல எறங்கி ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சேரு, மேசை, பாத்திரம், சீரியல் செட்டு எல்லாம் நம்மகிட்ட. இங்க சினிமாக்காரங்க வந்துட்டே இருப்பாங்க, வாய்க்காலு, வயலுன்னு படம் எடுக்கறதுக்கு. நடிகைங்க உக்கார்ற கேரவன் மட்டும் மெட்ராஸ்ல இருந்து வரும். நாமளே ஒன்னு வெச்சிருந்தா சினிமாவுக்கும் உடலாம், கண்ணாலத்துல பொண்ணு ஜோடிக்கறதுக்கும் உடலாம்னு ஒரு கணக்கு. மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்காரன் பழசு ஒன்னு விக்கறான்னு கேள்விப்பட்டு வாங்கிட்டு வந்துட்டேன். இதுதான் அது.

வாங்குனதும் மொத மொத எங்க கொண்டுட்டுப் போனேன்னு நினைக்கறீங்க? கோயிலுக்கு இல்ல. சங்ககிரிக்கு, என்ற தங்கச்சி ஊட்டுக்கு. தமயந்தின்னு பேரு. எங்கப்பன் சாகறப்ப அவ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த புள்ளை. நாந்தான் படிக்க வெச்சேன். நாந்தான் கட்டிக் குடுத்தேன். என்ற கண்ணாலத்தத் தள்ளிப் போட்டுட்டு அவ கண்ணாலத்தப் பண்ணுனவனுங்க நானு. அதை ஒரு நாளும் நான் சொல்லிக் காட்டுனதில்லை. என்ற ஊட்டுக்காரி ருக்குமணியக் கேட்டா தெனமும் சொல்லுவாருன்னுதான் சொல்லுவா. அவ பேச்சைக் கேக்காதீங்க.

தங்கச்சி ஊட்டுக்காரன் சென்னியப்பன். சங்ககிரியில ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எல்லா சாமானும் இல்லீங்க, பில்டர் மட்டும். ஆயில் பில்டர், ஏர் பில்டர், டீசல் பில்டர். அதை மட்டும் வித்தே ஒருத்தன் மாடி ஊடு கட்டிட்டான்னா பாத்துக்கங்க. நேர்ல பாத்தா 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை'தான். தங்கச்சி புருசன், வேற வழியில்லை, மரியாதை குடுத்துத்தான் ஆகோணும். இங்க நீங்களும் நானுந்தானே இருக்கறோம், அவன்னே சொல்றேன்.

அன்னைக்கு ஆரன் அடிச்சுட்டே கொண்டு போயி அவன் ஊட்டு முன்னால நிறுத்துனேன். தெருவே வந்து பாத்துச்சு. தமயந்தி உள்ள ஏறி சோபாவுல உக்காந்து எந்திரிச்சு, உக்காந்து எந்திரிச்சு, சின்னப் புள்ளையாட்டம் பண்றா. 'அண்ணா, அடுப்பெல்லாம் இருக்குதுங்ண்ணா'ங்கறா. இவன் என்ன பண்ணுனான்? வண்டியச் சுத்தி வந்தான். உள்ள ஏறல. குனிஞ்சான். போன்ல லைட்டு அடிச்சுக் கீழ பாத்தான். சித்த நேரம் அப்படியே குந்திட்டு இருந்தான். அப்பறம் எந்திரிச்சு வேட்டியத் தட்டிக்கிட்டு என்ன சொன்னான் தெரியுங்களா?

'மச்சான், இதுக்கு பில்டர் கெடைக்கறது கஷ்டமுங்க.'

அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்ல. ஒரு மனுசன் ஆசையா ஒரு வண்டி வாங்கிட்டு வந்து நிறுத்தறான். 'நல்லா இருக்குதுங்க மச்சான்'னு சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? பொய்யாச்சும் சொல்லலாமில்லீங்க? தெருவே நிக்குது. எல்லாரு முன்னாலயும் பில்டர் கெடைக்காதுங்கறான்.

அப்பறம் வெவரம் வேற சொல்றான். சேஸிஸ் ஒரு கம்பெனியாம், இஞ்சின் எடையில ஆரோ மாத்தி வேற கம்பெனிது வெச்சிருக்காங்களாம், பில்டர் மாட்டற தலை மூனாவதா வேற ஏதோ வண்டிதாம். ஆர்.சி. புக்கப் பாத்து வாங்குனா மாட்டாதாம். ரெண்டு பில்டர் இருக்குதாம், ஒன்னு டீசல்ல இருந்து தண்ணியப் பிரிக்கறது, இன்னொன்னு தூசியப் புடிக்கறது, ரெண்டும் ரெண்டு தினுசாம். நான் சொன்னேன், 'உங்களுக்கு எதைப் பாத்தாலும் பில்டர்தானுங்க மாப்பிள்ளை தெரியும்.' அவன் சிரிச்சான். அந்தச் சிரிப்ப நீங்க பாத்திருக்கோணும். பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

என்னங்க? அவன் சொன்னது சரிதானேங்கறீங்களா? சரியோ தப்போ, சொல்ற நேரம்னு ஒன்னு இருக்குதில்லீங்க? சாவு ஊட்டுல போயி செத்தவன் குடிகாரன்னு சொன்னா அதுவும் சரிதான். சொல்லுவீங்களா?

இருங்க, விசயத்துக்கு வர்றேன்.

தமயந்திக்கு ரொம்ப வருசம் கொழந்தை இல்லீங்க. அவ போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. போன் பண்ணுனா ஒன்னும் பேச மாட்டா, சும்மா 'அண்ணா'ன்னு சொல்லிட்டு அழுவா. நானும் இந்தப் பக்கம் போனப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். கடைசியா ஒரு பொட்டப்புள்ளை பொறந்துச்சு. இதழினின்னு பேரு. என்னைக் கேக்காமத்தான் பேரு வெச்சாங்க, அது வேற கதை. புள்ளைக்குக் காதுகுத்து வெச்சாங்க. சங்ககிரி தாண்டி அவங்க கொலதெய்வம் கோயில்ல.

நான் சொல்ல வேண்டியதில்லை, காதுகுத்துன்னா மாமன் மடி. மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். மாமன் கொண்டு வர்ற தோடுதான் போடோணும். தமயந்தி போன் பண்ணுனா. 'அண்ணா, நல்ல நேரம் கொஞ்ச நேரந்தானாம். நேரத்துக்கு வந்துருங்க. இந்தப் புள்ளைய உங்க மடியில வெச்சு நான் பாக்கோணும். அதுக்குத்தானுங்ண்ணா இத்தனை நாளாக் காத்திருந்தேன்'னா. 'கேரவன்லதான் வருவேன்'னு சொன்னேன். 'எதுலயாச்சும் வாங்க'ன்னா.

எதுலயாச்சுமாமா! கேரவன்லதான் போறதுன்னு நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அந்தக் கோயில் வாசல்ல இந்த வண்டி போயி நிக்கோணும். ஸ்விச்சு போட்டா படி தானா எறங்கும், பாத்தீங்கல்ல? அந்தப் படி எறங்கோணும். சீர்த்தட்டோட எங்க பொம்பளைங்க ஒவ்வொருத்தரா எறங்கோணும். அவன் நின்னு பாக்கோணும். என்ற ஆசை அவ்வளவுதானுங்க. இதுல என்ன தப்பு இருக்குது?

அப்பத்தான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. ஓடிட்டே இருக்கும், திடீர்னு இழுவை கொறையும், நின்னு போகும். மெக்கானிக்கு பாத்துட்டு டீசல் பில்டர் ரெண்டும் அடைச்சுப் போச்சு, புதுசு வாங்கிட்டு வாங்கன்னான். கழட்டிக் கையில குடுத்தான். கருப்புப் பெயிண்டு அடிச்சு வெச்சிருக்கு, ஒரு எழுத்து தெரியல. சொரண்டிப் பாத்தா பெயிண்டோட நம்பரும் வந்துருச்சு.

இந்த ஊர்ல இருக்கற கடைக்குப் போனேன். அவன் ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'அண்ணா, இது நம்மகிட்ட வராது. சங்ககிரியில சென்னியப்பண்ணன்னு ஒருத்தரு இருக்காரு, அவரக் கேட்டா சொல்லிடுவாரு'ன்னான். வேண்டாம்னுட்டு வந்துட்டேன். பவானிக்குப் போனேன். அங்கயும் ஆர்.சி. புக்கக் கேட்டான், பாத்தான், ஒன்னு எடுத்துட்டு வந்தான், அது மரையே ஏறல. 'போட்டோ எடுத்து சங்ககிரிக்கு அனுப்பட்டுங்களா'ன்னான். போனப் புடுங்காத கொறையா 'அனுப்பாதே'ன்னேன். ஈரோடு போனேன். அங்க பெரிய கடை. அந்த ஆளு கண்ணாடியப் போட்டுக்கிட்டு உள்ள எல்லாம் தேடுனாரு. தேடிட்டு வந்து, 'இந்த மாதிரி கலப்பட வண்டிக்கு இந்தப் பக்கத்துல ஒரே ஆளுதானுங்க. சங்ககிரி...'ன்னு ஆரம்பிச்சாரு. 'சென்னியப்பன்தானே'ன்னேன். 'உங்களுக்குத் தெரியுங்களா?' 'என்ற தங்கச்சி புருசன்.' அவரு கண்ணாடியக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு. 'அப்பறம் எதுக்குங்க என்ற கடைக்கு வந்தீங்க?'ங்கறாரு.

எதுக்கு வந்தனாம்! கடை தொறந்து வெச்சிருக்கறது எதுக்கு? யாவாரம் பண்ணறதுக்கா, ஊட்டு விசயம் கேக்கறதுக்கா? நல்லாக் கேட்டுட்டு வந்தேன் நானும்.

நீங்களே சொல்லுங்க. எந்தக் கடைக்குப் போனாலும் அவன் பேரு. அவன் ஒரு வார்த்தை சொல்லி உட்டுட்டான், 'கெடைக்காது'ன்னு. அப்பறம் எனக்குக் கெடைக்குமா? எல்லாருமா சேந்து என்னை அவன் கடை வாசல்ல கொண்டு போயி நிறுத்தப் பாக்கறாங்க. 'மாப்பிள்ளை, நீங்க சொன்னது சரிதானுங்க, ஒரு பில்டர் குடுங்க'ன்னு நான் போயி நிக்கோணும். அதுக்கு நான் மாட்டு வண்டியில சீரு கொண்டு போவேன்.

ருக்குமணி சொன்னா, 'ஒரு போன் போட்டா முடியற சோலிக்கு எதுக்குங்க இத்தனை ஊரு சுத்தறீங்க? நான் வேணா தமயந்திகிட்டச் சொல்லட்டா?' 'நீ சொன்னீன்னா அப்பறம் இந்த ஊட்டுல இருக்க மாட்டே'ன்னேன். 'நான் எங்க போறது, எனக்கும் பொறந்த ஊடு இருக்குது, அங்க எங்கண்ணன் ஒழுங்கா இருக்கான்'ன்னா. அவளுக்கு வாயி ஜாஸ்தி.

கடைசியா ஈரோட்டுலயே பழைய சாமான் விக்கறவன்கிட்ட ரெண்டு கெடைச்சுது. மரை ஏறுச்சு. எனக்கு ஒரே சந்தோசம். மெக்கானிக்கு மட்டும் மூஞ்சியச் சுளிச்சுட்டு, 'அண்ணா, மரை சரியா இருக்குது, ரப்பர் வாசர்தான் சித்த சின்னதா இருக்குது. ஏர் இழுக்கும், வண்டி நின்னு போகும்'னான். 'இறுக்கிப் போடு'ன்னேன். 'இறுக்குனாலும் ஏர் இழுக்குமுங்ண்ணா.' 'நீ என்ன சங்ககிரிக்காரனா? போடு'ன்னேன். போட்டான். ஊரைச் சுத்தி ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்தேன். நல்லாத்தான் ஓடுச்சு.

காதுகுத்து அன்னைக்குக் காலையில கெளம்பறோம். சோபாவுல எங்க பெரியம்மா, சித்தி, ருக்குமணி எல்லாம் பட்டுச் சீலையில உக்காந்திருக்காங்க. கட்டில் மேல சீர்த்தட்டு வரிசையா. பட்டுப் பாவாடை, பழம், வெத்தலை, பூவு, வெள்ளிக் கொலுசு. தோடு மட்டும் என்ற சட்டைப் பையில. அதை நான் ஆருகிட்டயும் குடுக்கல. ஏசிய முழுசா வெச்சு உட்டேன். பெரியம்மா 'குளுருது, நிறுத்துறா'ன்னு கத்துது. நிறுத்துவேனா?

குமாரபாளையம் தாண்டுச்சு. இழுவை கொறைஞ்சுது. எறங்கி டீசல் கைப்பம்ப அடிச்சேன். நொரை நொரையா வந்துச்சு. ஏர் வெளிய போனதும் ஸ்டார்ட் ஆச்சு. சித்த தூரம் போச்சு, நின்னுச்சு. மறுபடியும் அடிச்சேன். போச்சு, நின்னுச்சு. அப்பறம் சுத்தமா நின்னுருச்சு. பக்கத்துல லாரியெல்லாம் உர்ரு உர்ருன்னு போகுது. இந்த வண்டி கதவத் தொறந்து போட்டுக்கிட்டு நிக்குது. போறவன் வர்றவனெல்லாம் உள்ள நடிகை இருக்குதான்னு எட்டிப் பாக்கறான்.

ருக்குமணி சொன்னா, 'வாங்க, பஸ்ல போயிரலாம். நேரம் போகுது.' மாட்டேன்னேன். 'புள்ளை காத்திட்டு இருக்கும்.' 'வண்டியோடதான் வருவேன்'னேன். 'அப்ப தோட்டயாச்சும் குடுங்க.' குடுக்கல. என்ற கையிலதான் குடுப்பேன்னேன். அவ பஸ்ஸ நிறுத்துனா. பெரியம்மா, சித்தி, தட்டு எல்லாம் ஏறுச்சு. டவுன் பஸ்ல போச்சுங்க என்ற சீரு. கண்டக்டரு பூத்தட்ட வாங்கி இஞ்சின் மேல வெச்சான். அதைப் பாத்துட்டு நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அப்பறம் நானும் பம்பும். அடிக்கறேன், நொரை வருது. அடிக்கறேன், நொரை வருது. தமயந்தி போன் பண்ணுனா. 'அண்ணா, அவரு கார அனுப்பறேங்கறாரு, ஏறி வாங்க.' 'உன்ற ஊட்டுக்காரன் கார்ல நான் வரோணுமா? வண்டி இன்னும் சித்த நேரத்துல எடுத்துரும்.' 'நேரம் முடியப் போகுதுங்ண்ணா. பெரியப்பா மகன் இங்க இருக்கான், அவன் மடியில வெக்கலாங்கறாங்க எல்லாரும். நான் முடியாதுன்னு உக்காந்திருக்கேன்.' 'அவன் மடியில வெச்சுடுவாங்களா? பாத்தறேன்'னேன். போன வெச்சுட்டா. எனக்கு வேர்வை கண்ணுக்குள்ள போயி எரியுது. கையெல்லாம் டீசல். சட்டையில தொடச்சுட்டேன், பட்டுச் சட்டைங்க. தொடச்சுட்டு சட்டைப் பையத் தொட்டுப் பாக்கறேன், தோடு இருக்குதான்னு. அதான் எனக்குப் பலம். தோடு என்கிட்ட இருக்குது. நான் இல்லாம எப்படிக் குத்திருவாங்க?

அப்பத்தான் எதுத்தாப்ல இருந்து ரெண்டு காரு வந்து திரும்பி வண்டிக்குப் பொறத்தால நின்னுச்சு. மொதக் கார்ல இருந்து அவன் எறங்கறான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெத்தியில சந்தனம். கையில ரெண்டு அட்டைப் பொட்டி. ரெண்டாவது கார்ல தமயந்தி, மடியில புள்ளை. கூட காது குத்தற ஆசாரி, ருக்குமணி.

அவன் நேரா என்கிட்ட வந்தான். 'மச்சான், இன்னும் நேரம் இருக்குதுங்க. நீங்க கைய கழுவிட்டு உள்ள போயி உக்காருங்க. மாமன் மடி எங்க இருக்குதோ அங்கதானே குத்தோணும். வண்டிய நான் பாத்துக்கறேன்'னான்.

பாத்தீங்களா? என்ற வண்டியில என்னையே உள்ள போயி உக்காருன்னு சொல்றான். நான் ஏதோ விருந்தாளியாட்டம்.

தமயந்தி என்ற கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. அந்தா, அந்த சோபாவுலதான் உக்காந்தேன். ருக்குமணி என்ற கைய சோப்புப் போட்டுக் கழுவி உட்டா. புள்ளையத் தூக்கி என்ற மடியில வெச்சாங்க. என்னைப் பாத்துச்சு. டீசல் நாத்தத்துக்கு மூக்கச் சுருக்குச்சு, ஆனா அழுகல. என்ற சட்டைப் பட்டனப் புடிச்சுத் திருகிட்டு இருந்துச்சு. எனக்கு அப்ப அழுகை வந்துருச்சுங்க. எதுக்குன்னு தெரியல. ஆசாரி தோட்டக் கேட்டாரு. எடுத்துக் குடுத்தேன். ஒரு காது குத்துனதும் வீல்னு கத்துச்சு பாருங்க, அந்தக் கத்து இன்னும் என்ற காதுக்குள்ள இருக்குது. காலுக்குக் கீழ அவன் ஸ்பேனரு போடற சத்தம் கேக்குது. ஆசாரி அடுத்த காதுக்குத் தயாராகறாரு. புள்ளை அழுது மூச்சு முட்டுது. தமயந்தியும் சேந்து அழுகறா.

அடுத்த காதும் குத்தியாச்சு. அப்பத்தான் இஞ்சின் ஸ்டார்ட் ஆச்சு. ஒரே அடி. மேல ஏசி காத்து புஸ்சுன்னு வந்துச்சு. அந்தக் காத்து மூஞ்சியில பட்டதும் புள்ளை கப்புனு அழுகைய நிறுத்திட்டு மேல பாக்குது. எல்லாரும் சிரிச்சாங்க. ஆசாரி கூடச் சிரிச்சாரு. நானும் சிரிச்சிருப்பேன்னு ருக்குமணி சொல்றா. எனக்கு ஞாபகம் இல்ல.

வெளிய வந்தேன். அவன் டிரைவர் சீட்டுல இருந்து எறங்கி வர்றான். பட்டு வேட்டி முழுக்க கிரீஸு. நான் கேட்டேன், 'மாப்பிள்ளை, இந்த பில்டர் இத்தனை சீக்கிரமா எங்க கெடைச்சுது?'

'அன்னைக்கு வண்டிய ஊட்டுக்குக் கொண்டு வந்தீங்கல்ல மச்சான், அப்பவே பாத்து வெச்சுட்டனுங்க. டெல்லிக்குச் சொல்லி வர வெச்சு கடையிலயே எடுத்து வெச்சிருந்தேன். நீங்களே கேப்பீங்கன்னு பாத்தேன்.'

கேட்டீங்களா? காதுல நல்லாக் கேட்டீங்களா? அன்னைக்கே வாங்கி வெச்சுட்டான். வெச்சுக்கிட்டு வாயத் தொறக்காம உக்காந்திருக்கான். நான் நாயா பேயா ஊரு ஊரா அலையறேன், அவன் கடை அலமாரியில இருக்குது பில்டர். நானே வந்து கேக்கோணுமாம்! என்ன வன்மம் பாருங்க. மனசுல எத்தனை வன்மம் இருந்தா ஒரு மனுசன் அத்தனை நாளு பில்டர வாங்கி வெச்சுக்கிட்டு காத்திருப்பான்?

ஏனுங்க, தலைய ஆட்டறீங்க. ஆமான்னு ஆட்டறீங்களா, இல்லைன்னு ஆட்டறீங்களா? வெளங்கலையே.

தமயந்தி வந்தா. 'வாங்கண்ணா, கோயிலுக்குப் போலாம். பந்தி போடாம உங்களுக்காக வெச்சிருக்காங்க'ன்னா. நான் யோசிச்சேன். இந்த வண்டி இனி அந்தக் கோயில் வாசல்ல போயி நின்னா, அது என்ற வண்டியா? அவன் ஓட வெச்ச வண்டி. அவன் பட்டு வேட்டியில இருக்கற கிரீஸப் பாத்து அத்தனை சனமும் கேக்கும், அவன் சொல்ல வேண்டாம், அந்த வேட்டியே சொல்லும். படி எறங்குனா என்ன, எறங்காட்டி என்ன?

'எனக்கு சோலி இருக்குது, நீங்க போங்க'ன்னேன்.

'அண்ணா, மாமன் கை நனைக்காம போறதா?'ன்னா. புள்ளையத் தோள்ல போட்டுட்டு நிக்கறா. கோயில் விசேசத்துல மாமன் சாப்பிடாம திரும்பறது என்னன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். 'மடி குடுத்தாச்சு. தோடு போட்டாச்சு. மாமன் கடமை முடிஞ்சுது'ன்னேன். அவன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அக்கட்டால போயி நின்னுக்கிட்டான். தமயந்தி என்னையே பாத்துட்டு இருந்தா. அழுகல. அழுதிருந்தா நான் போயிருப்பேன். அவ அழுகாம கார்ல ஏறுனா.

நான் வண்டியத் திருப்பிட்டேன். வழியெல்லாம் காத வெச்சுக் கேட்டுட்டே வந்தேன், இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு. ஒரு தடவை நின்னா போதும், 'என்ன பெரிய பில்டர் மாட்டுனான்'னு கேக்கலாமில்ல? நிக்கலீங்க. பவானி வந்துச்சு, கோபி வந்துச்சு, இங்க வந்து நானா சாவியத் திருப்புனாத்தான் நின்னுச்சு. அத்தனை நல்லா இந்த வண்டி ஒரு நாளும் ஓடுனதில்லை. வயித்தெரிச்சல்.

ருக்குமணி பொழுதோட வந்தா. தமயந்தி சாப்பாடு கட்டிக் குடுத்து உட்டிருந்தா. நான் தொடல. பாயாசம் மட்டும் சித்த குடிச்சேன், அது கெட்டுப் போயிரும்னு.

அதுல இருந்து தமயந்தி போன் பண்ணல. தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. சீரு எல்லாம் ருக்குமணி கொண்டுட்டுப் போறா, குடுத்துட்டு வர்றா. வந்து ஒவ்வொன்னாச் சொல்றா. நான் கேக்கறதில்லை, அவளாச் சொல்றா. புள்ளை நடக்குதாம். பொழுதோட கடைக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம், அங்க பில்டர் பொட்டி மேல ஏறி ஏறி எறங்குதாமா. நான் போட்ட தோடுதான் இன்னும் போட்டிருக்குதாம். வேற வாங்கிப் போடலாம்னு மாமியா சொன்னதுக்கு தமயந்தி முடியாதுன்னுட்டாளாம்.

அதனாலதான் விக்கறனுங்க. சினிமாக்காரங்க கேக்கறாங்க, கண்ணாலக்காரங்க கேக்கறாங்க, வாடகைக்கு உடறதுக்கு என்னன்னு நீங்க கேப்பீங்க. ஒவ்வொரு தடவையும் சாவியத் திருப்புனா ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. அந்தச் சத்தம் கேட்டா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நீங்க வாங்கி உங்க ஊட்டுக்காரம்மா, புள்ளைங்களக் கூட்டிட்டு காசிக்குப் போங்க, காஷ்மீருக்குப் போங்க. எங்கயோ போயி ஸ்டார்ட் ஆகட்டும்.

வெலையப் பேசிக்கலாம். நீங்க கேக்கறதுல நான் இழுக்க மாட்டேன். சோபா, கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் உங்களுக்குத்தான். ஆனா ஒன்னு, அந்த பில்டர் ரெண்டையும் கழட்டிட்டுத்தான் குடுப்பேன். ஆமாங்க, ரெண்டும். என்ன முழிக்கறீங்க? அது வண்டியோட வந்ததில்லை. அது அவன் வாங்குனது, அவன் மாட்டுனது. அவன் பொருள நான் எப்படிங்க உங்களுக்கு விக்கறது? எனக்கு அவன் மேல ஆயிரம் இருக்கட்டும், அடுத்தவன் பொருள விக்கற ஆளு நான் இல்ல. அதை அவன் கடையில கொண்டு போயி மேசை மேல வெச்சாத்தான் எனக்கு நிம்மதி. பில்டர் இல்லாம வண்டி எப்படி ஓடும்னா, நீங்க தேடி வாங்கி மாட்டிக்கங்க. தேடுங்க. நான் தேடுனேன்ல?

என்னது? கழட்டிக் குடுத்தா நீங்களே கொண்டு போயிக் குடுத்தர்றீங்களா? சேலம் போற வழிதானா?

ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? நான் இத்தனை நேரம் ஆருகிட்டப் பேசிட்டு இருந்தேன்? குடுத்து உடறதுக்கு ஆளு இல்லாமயா நான் உக்காந்திருக்கேன்? என்ற பசங்க வாரம் தவறாம அந்தக் கடைக்கு முன்னாலதான் பந்தல் லோடு ஏத்திட்டுப் போறாங்க. அவங்ககிட்டக் குடுக்கத் தெரியாதா எனக்கு? தான் கொண்டு போறேன்னு ருக்குமணி கேட்டா, அவகிட்டயே குடுக்கலியே நானு! முன்னப் பின்னத் தெரியாத ஆளு, நீங்க எதுக்குங்க அங்க போறீங்க? உங்களுக்கு அங்க ஆரு இருக்காங்க?

நான் போகோணுமுங்க. நாந்தான் போகோணும்.